எதிர்ச்சுத்து

சொல்லிவிடலாம் என்றுதான் ஒச்சம்மா வாயைத் திறந்தாள், திறந்த வாய்க்குள் ஒரு பிடி மணல் போனதுதான் மிச்சம். இத்தனை நாள் இல்லாத காற்று அந்த நிமிசம் பார்த்தா வரவேண்டும், பெரிய மஞ்சள் துணி ஒன்றை எதிரே நின்று யாரோ உதறுகிறமாதிரி வந்தது, தவசி சுமை ஆட்டோவை ரோட்டை விட்டு ஒடித்து மலையடியில் கொண்டுபோய் நிறுத்தினான், அவளையும் இடுப்பில் இருந்த மிதுனாவையும் அவளுடைய ஊர்ப் பையையும் சேர்த்து ஏறக்குறையத் தூக்கிக்கொண்டே ஓடிவந்து இந்தப் பாறைக் குடைவுக்குள் உட்கார வைத்தான். "இங்கனயே இரு புள்ள, மூட்டைக்குத் தார்ப்பாய் கட்டிட்டு ஓடியாந்துர்றோம், முறுக்குல மண்ணு விழுந்தா அம்புட்டும் போச்சு," என்றான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "பயப்படாத, இது நல்ல எடம்தான், ஆதிகாலத்து மனுசங்க குடியிருந்த எடமாம், செவுத்துல படமெல்லாம் போட்டு வச்சிருக்காங்க பாரு, இதப் பாக்கத்தான் வெள்ளைக்காரங்க காரு போட்டு வர்றாங்க," என்றும் சொன்னான். கீழேயிருந்து சின்ன மாமாவின் குரல், காற்று பிய்த்தது போக மிச்சம், மேலே வந்தது: "அடேய், படத்தைப் பொறவு காட்டுவியாம், கயித்தப் பிடிடா முதல்ல!" தவசி முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு குதித்து இறங்கினான், நாலடி தாண்டவில்லை, ஆளைக் காணவில்லை. அவள் மணலைத் துப்பினாள். துப்பியதோடு அந்த வார்த்தையும் போய்விட்டதோ என்று உள்ளுக்குள் தேடிப் பார்த்தாள், இல்லை, இருந்தது, தொண்டைக்குக் கீழே வழக்கமான இடத்தில் பத்திரமாக இருந்தது. நான் போகல. இவ்வளவுதான் அது. இரண்டே வார்த்தை. நான் ஊருக்குப் போகல, இங்கதான் இருப்பேன் என்று நீட்டிச் சொன்னாலும் ஒரு மூச்சுக்குள் முடிந்துவிடும். முறுக்கு விற்கப் போகிற ஆட்டோவிலேயே ஸ்டேசனுக்குக் கிளம்பியிருந்தார்கள், சாயங்காலம் ரயில், சின்ன மாமா காசிமாயன் அவளையும் பிள்ளையையும் உசிலம்பட்டிப் பக்கம் கொண்டுபோய் மாமியார் வீட்டில் சேர்த்துவிடுவார், தவசி இங்கேயே ராஜஸ்தானத்து வெயிலில் முறுக்கு விற்றுக்கொண்டிருப்பான், அடுத்து எப்போது பார்ப்பது என்று யாருக்கும் தெரியாது. தவசி கேட்காமல் இல்லை. நேற்று மத்தியானம் சோற்றில் கையை வைத்துக்கொண்டே, "போறியா புள்ள, சித்தப்பா கூப்பிடுறாரு," என்று கேட்டான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பெண் பார்க்க வந்த அன்றைக்கும் இதே மாதிரித்தான் குனிந்தாள், அன்றைக்கு அதற்குச் சம்மதம் என்று அர்த்தம், நெஞ்சு நிறைய சம்மதம், நேற்றைக்கு அதற்கு ஐயோ வேண்டாம் என்று அர்த்தம், ஆனால் குனிந்த தலை மேலேயிருந்து பார்க்கிறவனுக்கு இரண்டு தடவையும் ஒன்று போலத்தானே தெரியும், வகிடும் கொண்டையும்தானே தெரியும், பாவம் அவன் என்ன செய்வான்.

மிதுனா இருமினாள், ஒச்சம்மா முந்தானையை இழுத்துப் பிள்ளையின் தலையோடு மூடிக்கொண்டாள், மூடினால் அழுவாள் என்று பார்த்தால் உள்ளேயிருந்து ஒரே சிரிப்பு, இது ஏதோ விளையாட்டு என்று நினைத்துக்கொண்டாள் போல. முக்காடு போடுவது இரண்டு பேருக்குமே பிடித்திருந்தது. இந்த ஊருக்கு வந்த அன்றைக்கு ஒச்சம்மா வாய்பிளந்து பார்த்தது ஒட்டகத்தை இல்லை, பொம்பளைகளைத்தான், எல்லாரும் சேலையை மூக்குவரை இழுத்து விட்டுக்கொண்டு கடைத்தெருவில் நடக்கிறார்கள், யாரும் யார் முகத்தையும் பார்க்கவேண்டியதில்லை, வெட்கப்படுகிறவளுக்கென்றே செய்து வைத்த ஊர் மாதிரி இருந்தது. மறுநாள் பால் வாங்கப் போகும்போது இவளும் இழுத்துவிட்டுக்கொண்டாள், ஊர்க்காரர்கள் சேர்ந்து தங்கி முறுக்கு போடுகிற கம்பெனி வீட்டில் அத்தனை பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள், சிரித்தால் சிரிக்கட்டும், முக்காட்டுக்குள் இருந்துகொண்டு அவள் பால்காரியிடம் இந்தியில் 'எவ்வளவு' என்று கேட்டாள், சொந்த ஊரில் ஒரு கடைக்காரனிடம்கூட இத்தனை சத்தமாய் அவள் எதையும் கேட்டதில்லை. இதையெல்லாம் விட்டுவிட்டா போவது. ஊரில் தெருவுக்குத் தெரு கண், வாசலில் தண்ணி தெளித்தால்கூட யாராவது ஒருத்தி நின்று பார்ப்பாள். இங்கே மொட்டை மாடியில் நின்றால் கண்ணுக்கு எட்டுகிற தூரம் ஒன்றுமே இல்லை, அந்த ஒன்றுமே இல்லாதது அவளுக்கு எவ்வளவு பிடிக்கும் என்று யாரிடம் சொல்ல, சொன்னால் கிறுக்கு பிடித்துவிட்டது என்பார்கள். வெளியே காற்று ஊளையிட்டது. அவள் பாறையோடு முதுகை ஒட்டிக்கொண்டாள். பாறை ஜில்லென்று இருந்தது, நல்ல வெயில் காலத்தில் இப்படி ஒரு குளிர்ச்சி, ஆதிகாலத்து மனுசர்கள் புத்திசாலிகள்தான், வாடகை இல்லாமல் நல்ல இடமாகப் பார்த்துத்தான் பிடித்திருக்கிறார்கள். அப்புறம்தான் படம் என்று அவன் சொன்னது நினைவுக்கு வர, மெல்லத் திரும்பிப் பார்த்தாள்.

முதலில் ஒன்றும் தெரியவில்லை, பாறை பாறையாகத்தான் இருந்தது, கண் இருட்டுக்குப் பழகப் பழக மங்கின குங்குமம் மாதிரி ஒரு சிவப்பு மேலே வந்தது, கொம்பு தெரிந்தது, நாலு கால் தெரிந்தது, மான்களோ மாடுகளோ வரிசையாய் ஓடின, அதற்கும் கீழே குச்சி குச்சியாய் ஆட்கள் கைகோத்து நின்றார்கள், ஐயய்யோ கோயிலுக்குள் செருப்போடு வந்துவிட்டோமே என்று பதறிக் காலை உதறினாள், ஒரு செருப்பு தெறித்துக் காற்றோடு போய்விட்டது. சாமி மன்னிச்சுக்க, காத்துக்குப் பயந்து வந்தோம், பச்சப்புள்ளைய வச்சிருக்கேன். சொன்ன பிறகு இந்த ஊர் சாமிக்கு உசிலம்பட்டிப் பேச்சு விளங்குமா என்று சந்தேகம் வந்தது. விளக்கு இருக்கிறதா என்று பார்த்தாள், எண்ணெய்ப் பிசுக்கு வாடை வருகிறதா என்று மோந்து பார்த்தாள், மூலையில் ஆட்டுப் புழுக்கை காய்ந்து கிடந்ததைத் தவிர ஒன்றும் இல்லை, சாமி இல்லை, ஆட்கள்தான், குச்சி ஆட்கள், அவர்கள் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தார்கள், இவள் வந்ததையும் செருப்பு போனதையும் ஒருத்தரும் கண்டுகொள்ளவில்லை, அதுவே அவளுக்கு நிம்மதியாய் இருந்தது. கும்பிட்ட கையை மெல்லக் கீழே இறக்கினாள். ஐந்தாம் வகுப்புப் புத்தகத்தில் ஆதிமனிதன் என்று ஒரு படம் இருந்தது, இலையைக் கட்டிக்கொண்டு கையில் எலும்போடு ஒரு ஆள் தனியாய் நிற்பான், ரோமமும் தாடியுமாய், பார்க்கவே பயமாய் இருக்கும், அவன் பொண்டாட்டி எங்கே, பிள்ளை எங்கே என்று அன்றைக்குக் கேட்கத் தோன்றவில்லை, தோன்றியிருந்தாலும் அவளா கேட்டிருப்பாள். இங்கே பார்த்தால் பொம்பளைகளும் இருக்கிற மாதிரித்தான் இருக்கிறது, இடுப்பு அகலமாய், ஒருத்தி தலையில் என்னவோ சுமக்கிறாள், பின்னால் சின்னதாய் ஒன்று ஓடுகிறது, குடும்பத்தோடுதான் இருந்திருக்கிறார்கள். யாரையும் யாரும் ரயிலேற்றி அனுப்பவில்லை. நான் போகல. மச்சான், நான் போகல. சின்ன மாமா, கோவிச்சுக்காதீங்க, நான் போகல. எதை முதலில் சொல்வது, மச்சானையா மாமாவையா, பெரியவரை விட்டுவிட்டு அவனிடம் சொன்னால் மரியாதை இல்லை, அவரிடம் நேராகச் சொல்ல நாக்கு எழும்பாது, பொதுவாகப் பாறையைப் பார்த்துச் சொல்லிவிட்டால் என்ன, யார் காதில் விழுகிறதோ விழட்டும்.

அப்படிப் பாறையைப் பார்த்துச் சொல்லிப் பார்ப்போம் என்று திரும்பினவள்தான் அதைப் பார்த்தாள். மாடுகளுக்கு அந்தப் பக்கம், தனியாக, அவள் எழுந்து நின்றால் நெஞ்சு உயரத்துக்கு, ஒரு முறுக்கு. அவளுக்கு வேறு எதுவாகவும் தோன்றவே இல்லை. சுழி என்று தோன்றவில்லை, பாம்பு சுருண்டிருக்கிறது என்று தோன்றவில்லை, சுத்து முறுக்கு, நடுவில் பிடித்து வெளியே வெளியே வளர்த்துக்கொண்டு போன கைச்சுத்து முறுக்கு, நல்ல சிவப்பாய்ப் பொரித்தெடுத்த முறுக்கு. அட, இங்கயும் கம்பெனி நடத்தியிருக்காங்கடி, என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள், சொல்லிவிட்டுச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, அம்மா சிரிக்கிறாளே என்று மிதுனாவும் முக்காட்டுக்குள்ளிருந்து தலையை நீட்டிக்கொண்டு சிரித்தாள். கிட்டே போய்ப் பார்த்தாள். விரலால் போட்டதுதான். சாயத்தைத் தொட்டு ஆரம்பித்த இடத்தில் கனமாய் இருந்தது, போகப்போக மெலிந்து, தீரப்போகும்போது மறுபடி தொட்டு ஒட்டவைத்த இடம் தெரிந்தது, மாவு தீர்ந்ததும் இன்னொரு கிள்ளு எடுத்து ஒட்டுவோமே, ஒட்டின இடத்தைக் கட்டைவிரலால் ஒரு நெருடு நெருடுவோமே, அதே மாதிரி. தொடாமல் காற்றிலேயே அந்தச் சுத்தை விரலால் பின்தொடர்ந்து போனாள், அவள் விரல் தானாகப் போயிற்று, நின்று யோசிக்காமல் போயிற்று, அப்போதுதான் திக்கென்றது, நீட்டியிருந்தது எந்தக் கை என்று பார்த்தாள். பீச்சாங்கை. அவளுடைய பீச்சாங்கை. கம்பெனியில் எல்லாரும் சுத்துகிற முறுக்கு ஒரு பக்கம் போகும், ஒச்சம்மா சுத்தினால் மறுபக்கம் போகும், பாறையில் இருந்தது அவள் பக்கம் போனது.

கண்ணை ஒரு தடவை மூடித் திறந்து பார்த்தாள். அவள் பக்கம்தான். சோத்தாங்கையால் சுத்திப் பார்த்தாள் காற்றில், முரண்டு பிடித்தது, பீச்சாங்கையால் சுத்தினாள், வழுக்கிக்கொண்டு போயிற்று. "உன் முறுக்கு மட்டும் ஊருக்கு எதிர்ப்பக்கம் பாத்துக்கிட்டு நிக்குதேடி," என்று முதல் வாரத்திலேயே கண்டுபிடித்தாள் பவுனுத்தாய் மதினி, கம்பெனி நடத்துகிற ஜெயக்கொடி அண்ணனின் பொண்டாட்டி. கண்டுபிடித்தவள் சும்மா விட்டாளா, "அடிப்பாவி, பீச்சாங்கையாலயா சுத்துற? திங்கிற பண்டத்துலயா? எந்திரி, எந்திரி முதல்ல!" வெள்ளைத் துணியில் அவள் சுத்தி வைத்திருந்த முறுக்கை எல்லாம் வழித்து மறுபடி மாவாக்கிப் பிசைந்து போட்டாள். சோத்தாங்கையால் சுத்தப் பழகு என்றார்கள், பழகிப் பார்த்தாள், வந்ததெல்லாம் மண்புழுதான், பள்ளிக்கூடத்தில் ஸ்கேலால் அடித்துச் சோத்தாங்கையில் எழுதப் பழக்கினார்களே, அந்த எழுத்து மாதிரி, குப்புற விழுந்து கிடக்கும். கம்பெனி வழக்கம் என்று ஒன்று இருக்கிறது, குடும்பத்தோடு தங்கினால் ஆம்பளை விற்கணும் பொம்பளை சுத்தணும், சுத்தாத பொம்பளைக்கு அந்த வீட்டில் பாய் விரிக்க இடமில்லை, அதைத்தான் பவுனுத்தாய் மதினி சின்ன மாமா காதில் போட்டாள், பச்சப்புள்ளைக்கு இந்த வெயில் ஆகாதுண்ணே என்று ஒரு சர்க்கரையும் தடவிக் கொடுத்தாள். தவசிக்கு மட்டும் அந்த எதிர்ச்சுத்து பிடித்திருந்தது. வழித்தது போகத் தப்பின ஒன்றிரண்டை மூட்டைக்குள்ளிருந்து துழாவி எடுத்து, "இது உன்னுது," என்று சொல்லிக் கடிப்பான், அவன் பல்லுக்குள் மொறுமொறுவென்று கேட்கும்போது அவளுக்கு உடம்பெல்லாம் என்னவோ செய்யும், ஒரு நாள் வந்து, "இன்னைக்கு உன் முறுக்க ஒட்டகம் தின்னுருச்சுடி, தின்னுட்டு என்னைய விடவே மாட்டேங்குது, பின்னாலயே வருது," என்றான், பொய்தான், ஆனால் ஒட்டகம் அவன் பின்னால் கழுத்தை நீட்டிக்கொண்டு வருகிற காட்சியை நினைத்து நினைத்து அன்றைக்கெல்லாம் மாவு சலித்துக்கொண்டே தனியாய்ச் சிரித்தாள்.

வெளியே என்னவோ டமாரென்று விழுந்தது. சிரிப்பு நின்றது. ஆட்டோவா, ஆட்டோ சாய்ந்துவிட்டதா, அவன் எந்தப் பக்கம் நின்று கயிறு கட்டினான், சாய்கிற பக்கமா, சாமி அந்தப் பக்கம் நின்றிருக்கக் கூடாது. மச்சான் என்று கூப்பிட்டாள், குரல் உதட்டைத் தாண்டவில்லை, பார் இதற்கே வரவில்லை, இவள் போய் நான் போகல என்று சொல்லிக் கிழிக்கப் போகிறாளாம். மஞ்சள் இப்போது சிவப்பாகிவிட்டிருந்தது, குடைவின் வாசலில் ஒரு சாக்குத் திரை தொங்குகிற மாதிரி மணல் தொங்கியது, மூச்சு விட்டால் நாக்கில் நறநறத்தது. மிதுனா சிணுங்க ஆரம்பித்தாள், வாயில் கொடுத்ததும் அடங்கினாள், பாலிறங்கிக் காம்பு சுரீரென்று இழுத்தது, இந்தப் பக்கம் பிள்ளை குடிக்க அந்தப் பக்கம் ரவிக்கை நனைந்தது, பயத்திலும் இது பாட்டுக்கு ஊறுகிறதே என்று அதிசயமாய் இருந்தது. சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டினாள். காற்றுக்கு நடுவே, வெகு தூரத்தில் மாதிரி, சின்ன மாமா யாரையோ திட்டுவது கேட்டது. "முடிச்சாடா இது, மூக்கணாங்கயிறு மாதிரி!" அப்பாடா. திட்டினால் இரண்டு பேரும் உயிரோடு இருக்கிறார்கள் என்று அர்த்தம், திட்டுகிறவரும் இருக்கிறார், வாங்குகிறவனும் இருக்கிறான். அவள் மறுபடி பாறைப் பக்கம் திரும்பினாள், பிள்ளை குடித்துக்கொண்டிருந்தது, வலது இடுப்பில். எப்போதும் வலது இடுப்புதான். பிள்ளையைப் பக்கம் மாத்தி வச்சிருக்கா பாரு என்று அதற்கும் ஒரு பேச்சு உண்டு, வேலை செய்கிற கையைக் காலியாக வைத்துக்கொண்டுதானே பிள்ளையைத் தூக்கமுடியும், அவளுக்கு வேலை செய்கிற கை அந்தக் கை. இங்கே நின்று இந்தச் சுத்தைப் போட்டவளும் அப்படித்தான் நின்றிருப்பாள் என்று தோன்றியது. இவளைப்போல நின்றால்தான் இந்த உயரம் வரும். ஆம்பளை போட்டிருந்தால் இன்னும் மேலே போட்டிருப்பான்.

அப்புறம் கண்ணில் பட்டதை, அத்தனை நேரம் அழுக்கு என்றுதான் நினைத்திருந்தாள். சுத்தின் கடைசி வளையத்தில், வெளி ஓரத்தில், சிவப்பு தீற்றிக்கொண்டு போயிருந்தது, காய்வதற்கு முன்னால் யாரோ கையை வைத்து இழுத்தமாதிரி. குனிந்து பார்த்தாள். நாலு கோடு, சின்னச் சின்னதாய், ஒன்றை ஒன்று ஒட்டினாற்போல, மிதுனா மாவில் கையை வைத்து இழுத்தால் எப்படி இருக்குமோ அப்படியே, அந்த விரல் அகலம், அந்த அவசரம். அவள் இடுப்பில் இருந்த பிள்ளை எட்டிப் பிடித்திருக்கிறது. வரைகிற கையையே பார்த்துக்கொண்டு வாயில் எச்சில் வடிய இருந்திருக்கும், முடியப்போகிற நேரம் பார்த்து லபக்கென்று கையை வைத்திருக்கும், ஏய் ஏய் ஏய் என்று அவள் பதறி இடுப்பைத் திருப்பியிருப்பாள், அதற்குள் இழுத்தாயிற்று, கையெல்லாம் சிவப்பு, சிவப்புக் கையை அது அவள் மூஞ்சியிலேயே அப்பியிருக்கும், அவள் திட்டுவதா சிரிப்பதா என்று தெரியாமல் நின்றிருப்பாள், புருசன்காரன் வேட்டைக்குப் போன இடத்திலிருந்து வந்து என்னடி மூஞ்சியெல்லாம் என்று கேட்டிருப்பான். ஒச்சம்மாவுக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணி வந்தது, மணல்தான் என்று சொல்லிக்கொண்டாள், மணல் இல்லை. எத்தனை ஆயிரம் வருசமோ, அவள் பேர் என்னவோ, என்ன பாசை பேசினாளோ, அவளுக்கும் ஒரு பவுனுத்தாய் இருந்திருப்பாளோ. இருந்திருப்பாள், எந்தக் காலத்திலும் ஒருத்தி இருப்பாள். ஆனால் இவள் சுத்தினதை யாரும் வழித்துப் போடவில்லை. அழிக்கவில்லை. பிள்ளை கெடுத்த ஓரத்தைக்கூட அவள் சரி பண்ணவில்லை, இருக்கட்டும் என்று விட்டிருக்கிறாள். இருக்கட்டும். அந்த ஒரு வார்த்தை ஒச்சம்மாவின் நெஞ்சுக்குள் பொரிந்து மேலே வந்தது. இருக்கட்டும், பீச்சாங்கைதான், இருக்கட்டும், கழுவின கைதானே, சுத்துறேன், பவுனுத்தாய் மதினிக்கு எதிரிலேயே உக்காந்து சுத்துறேன், வழிச்சுப் போட்டா மறுபடி சுத்துறேன், அவ எத்தனை தடவ வழிப்பா, அவளுக்கும் கை வலிக்கும்ல. காற்று குறைந்திருந்தது. எப்போது குறைந்தது என்று அவள் கவனிக்கவே இல்லை.

வாசலில் சாக்குத் திரை இல்லை, வெளிச்சம் இருந்தது, வெளிச்சத்தில் தலைமுடி, புருவம், மீசை எல்லாம் மண்ணாக இரண்டு பொம்மைகள் ஏறி வந்தன, நெட்டையாய் ஒன்று, தொப்பையாய் ஒன்று. "மூட்டை தப்பிச்சிருச்சு புள்ள, தண்ணிக் கேனுதான் பறந்துபோச்சு," என்றது நெட்டை, பல் மட்டும் வெள்ளையாய்த் தெரிந்தது. "வாத்தா, கெளம்பு, ரயிலுக்கு நேரமாச்சு," என்றது தொப்பை, "பையி எங்கடா, அந்தப் புள்ளையோட பைய எடு." தவசி பையை எடுக்கக் குனிந்தான். ஒச்சம்மாவின் தலையும் பழக்கத்தில் குனியப் பார்த்தது. கழுத்தில் அது இறங்குவது அவளுக்கே தெரிந்தது, ஐயோ குனிகிறதே, குனிந்துவிட்டால் வகிடுதான் தெரியும், குனிந்துவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார்கள், மறுபடி ரயில், மறுபடி தெருக் கண்ணு, அவள் இரண்டு கையாலும் பிள்ளையை இறுக்கிக்கொண்டு முகத்தை நிமிர்த்தினாள், யாரையும் பார்க்காமல், இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு, "நான் போகல," என்றாள். குடைவு அதை வாங்கி இன்னும் ஒருதரம் சொன்னது. தவசி குனிந்தபடியே நின்றான். "என்ன சொன்ன?" "நான் ஊருக்குப் போகல. இங்கதான் இருப்பேன்." சின்ன மாமா காதுக்குள் விரலை விட்டு மண்ணைக் குடைந்தார். "ஏன்டா, இவளுக்கு இம்புட்டுச் சத்தம் இருக்கா? எனக்குத் தெரியவே தெரியாதே!" "எனக்கே இப்பத்தான் தெரியும் சித்தப்பா," என்றான் தவசி, பையைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தவனின் முகத்தில் அந்த மண்ணையும் மீறி என்னமோ பொங்கிக்கொண்டிருந்தது, அதைப் பார்க்க அவளுக்கு வெட்கமாய் இருந்தது, இருந்தாலும் பார்த்தாள். "அதுசரி, அந்தப் பவுனுத்தாய்க்கு யாரு பதில் சொல்றதாம்?" என்று கேட்டார் சின்ன மாமா. "நான் சொல்றேன்," என்றாள் ஒச்சம்மா. அதோடு நிற்கவில்லை. முதல் வார்த்தை வெளியே வந்த வழியைப் பின்னாலிருந்தவை எல்லாம் பார்த்துவிட்டன, அவள் ஒற்றைச் செருப்போடு பாறையில் இறங்கிக்கொண்டே பேசினாள், ஆட்டோவில் இரண்டு பேருக்கும் நடுவில் இடுங்கி உட்கார்ந்துகொண்டு பேசினாள், இடது கையால் எண்ணெய்க்கு என்ன தீட்டு என்று பேசினாள், பாறையில் நின்றவளைப் பற்றி, அவள் பிள்ளை செய்த சேட்டையைப் பற்றி, முதல் தடவை அவன் தன் முறுக்கைக் கடித்த சத்தத்தைப் பற்றிக்கூட, சின்ன மாமா பக்கத்தில் இருக்கிறார் என்பதையே மறந்து பேசினாள், தவசி காது சிவந்துபோய் ரோட்டையே பார்த்து ஓட்டினான், மிதுனா அந்தச் சளசளப்பில் நிம்மதியாய்த் தூங்கிப்போனாள். ஸ்டேசனிலும் அது தீரவில்லை. சின்ன மாமா தன் ஒருத்தர் பையை மட்டும் தூக்கிக்கொண்டு பெட்டியில் ஏறினார், ஜன்னலோரம் உட்கார்ந்தார், அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மாமியாரிடம் என்ன சொல்ல வேண்டும், எப்படிச் சொன்னால் அவருக்கு வருத்தம் வராது என்று சொல்லிக்கொண்டே இருந்தாள், ரயில் நகர்ந்தது, அவளும் கூடவே நடந்தாள், தவசி பின்னாலிருந்து அவள் தோளைப் பிடித்து நிறுத்தவேண்டியதாயிற்று. சின்ன மாமா ஜன்னல் கம்பியில் முகத்தை அழுத்திக்கொண்டு, பிளாட்பாரம் முழுக்கத் திரும்பிப் பார்க்கிறமாதிரி கத்தினார்: "அட, விடு தாயி! மிச்சத்த போன்ல சொல்லு!"